நூற்றுப் பதினேழு உள்ளே

மதியம் மூன்றரை மணிக்கு ஒரு டோக்கன் இடம் மாறியிருந்தது.

பலகையில் மொத்தம் நூற்று அறுபது பித்தளை டோக்கன்கள். நூற்று ஐம்பத்தொன்பது, 'வெளியே' என்று எழுதிய பாதியில் வரிசை பிசகாமல் தொங்கின. ஒன்று மட்டும் 'உள்ளே' என்று எழுதிய பாதிக்குப் போய், யாரோ இப்போதுதான் மாட்டிவிட்டுக் கையை எடுத்தது போல, லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எண் 117. சாப்பிடப் போகுமுன் மாசாணம் அத்தனையையும் தன் கையால் 'வெளியே' பக்கம் அடுக்கிவிட்டுப் போயிருந்தார். கூடத்தில் காற்றில்லை. மின்விசிறி ஓடவில்லை. ஓட்டைப் பிரித்துக்கொண்டு வந்த வெயில் தூணில் ஆடாமல் அசையாமல் நின்றது. டோக்கன் மட்டும் ஆடியது.

மாசாணம் அசட்டு ஆள் இல்லை. சோமனூரில் பன்னிரண்டு விசைத்தறி ஓட்டிக் காது பாதி போய், தறிகளை எடைக்குப் போட்டுவிட்டு, அதே தறிக்கூடத்தில் பழைய சாமான் வியாபாரம் தொடங்கி ஒன்பது வருடமாகிறது. அங்கே இல்லாத பழசு உலகத்திலேயே இல்லை. கிராமபோன் குழாய், எனாமல் போர்டு, ரயில் லாந்தர், கோலி சோடா மிஷின், கைப்பிடி போன காப்பி அரைவை என்று குவிந்து கிடக்கும். சாமானைவிட அதிகமாகக் குவிந்து கிடப்பது அவர் அவற்றுக்குச் சொல்லும் கதை. ஒரே ஜமீன்தாரிணியின் பாக்குவெட்டி என்று சொல்லி இதுவரை எழுபது பாக்குவெட்டி விற்றிருக்கிறார். அந்த அம்மாள் அத்தனை பாக்கையும் வெட்டிப் போட்டுத் துப்பியிருந்தால் நொய்யல் ஆற்றைச் சிவப்பாக்க ஒரு சாயப்பட்டறையும் தேவைப்பட்டிருக்காது. பாதி உடைந்த பீங்கான் தொட்டியை வெள்ளைக்காரத் துரையின் நாய் குளித்த தொட்டி என்று ஊட்டி ரிசார்ட்டுக்கு விற்று, நாயின் பெயரையும் எழுதிக் கொடுத்தவர். பொய் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் தேஜஸ், பழனி மலையில் ராஜ அலங்காரத்துக்குக்கூட வராது.

ஆனால் இந்தப் பலகைக்கு மட்டும் அவரால் ஒரு பொய்யும் கட்ட முடியவில்லை.

மதுக்கரைப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு மில்லைப் பிரித்தபோது, பழைய இரும்பு எடுக்கும் நாகூர் மீரான் கொண்டுவந்து இறக்கியது. ஆள் உயரத் தேக்குப் பலகை. நட்டநடுவே ஒரு கோடு. மில்லுக்குள் நுழையும் தொழிலாளி தன் எண்ணை 'வெளியே' பாதியிலிருந்து எடுத்து 'உள்ளே' பாதியில் மாட்ட வேண்டும். வேலை முடிந்து போகும்போது திருப்பி மாட்ட வேண்டும். டைம் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் தலையைத் தூக்கிப் பார்த்தாலே போதும், உள்ளே யார், வெளியே யார் என்று தெரிந்துவிடும். பலகை வந்து இறங்கியபோதும் 117 மட்டும் 'உள்ளே' பக்கம்தான் இருந்தது. அதுவும் சும்மா இல்லை, கொக்கியோடு சேர்த்துச் செப்புக் கம்பியால் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி முறுக்கப்பட்டிருந்தது. போட்டோவில் பார்த்தால் பொக்கை வாயில் ஒற்றைப் பல் மாதிரி அசிங்கமாக இருந்ததால், மாசாணம் கட்டிங் பிளேயரால் கம்பியை நறுக்கி, டோக்கனை மற்றவற்றோடு சேர்த்தார்.

அது ஞாயிற்றுக்கிழமை. இன்று திங்கள்.

"முத்தாத்தா!"

வீட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த வாசலிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். கையில் பாதி உரித்த வெங்காயம்.

"ஏனுங்க, எதுக்கு இந்தக் கத்துக் கத்தறீங்க? காது உங்களுக்குத்தான் போச்சு, எனக்கு நல்லாத்தான் இருக்குது."

"இந்தப் பலகையைத் தொட்டியா நீயி?"

"அந்த அழுக்குப் பித்தளையையா? தொட்டிருந்தா இன்னேரம் புளி போட்டுத் தேச்சுப் பளபளன்னு ஆக்கியிருப்பனுங்க. நீங்கதான் பழசுக்கு அழுக்குத்தான் அழகுன்னு சொல்லிப்போட்டீங்களே."

அது உண்மை. முத்தாத்தாள் தொட்ட பித்தளை கறுப்பாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை. மாசாணம் டோக்கனை எடுத்து 'வெளியே' பக்கம் மாட்டினார். விரலில் ஏதோ பட்டது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பஞ்சு இழை. ஈரமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் நாற்காலியைப் பலகைக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மணி மூன்று இருபத்தைந்து. சுற்றுவட்டாரத் தறிகள் அத்தனையும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் சோமனூர்க்காரர்களுக்குச் சத்தமே இல்லை. அது நின்றால்தான் தூக்கத்திலிருந்து எழுவார்கள். அவர் 117-ஐயே பார்த்தார். மூன்று இருபத்தெட்டு. தன்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டார். ஐம்பத்தேழு வயசில் பித்தளைத் தகட்டுக்குக் காவல்.

செல்போன் அடித்தது. பலகையை வாங்கப்போகும் வர்ஷினி. கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ் பக்கம் பழைய மில் மாதிரியே ஒரு காப்பிக் கடை திறக்கிறாள். விஜயதசமி அன்று காலை பலகை அங்கே சுவரில் இருக்க வேண்டும்.

"அங்கிள், ஹிஸ்டரி கார்டு ரெடியாங்களா?"

"எழுதிட்டே இருக்கறன் கண்ணு. மகாத்மா காந்தி கோயமுத்தூர் வந்தப்போ..."

"அங்கிள்! கதை வேண்டாம்னு சொன்னேன்ல. போன தடவை நீங்க கொடுத்த பெட்டியில திப்பு சுல்தான் பேனா வெச்சிருந்தார்னு எழுதி, ஒரு புரொபசர் வந்து என்னை ஒரு மணி நேரம் நிக்க வெச்சுக் கேள்வி கேட்டார். இதுக்கு நெஜமான ஹிஸ்டரி வேணும். முதல்ல அனுப்பின போட்டோவுல ஒரே ஒரு டோக்கன் உள்ளே கட்டியிருந்துச்சே, அது ஏன்? அதுதான் எனக்கு வேணும்."

"பண்ணிரலாங் கண்ணு, அந்த மில்லு டைம் கீப்பர் நெம்பரை வாங்கி வெச்சிருக்கறன்..."

அப்போது அவருக்குப் பின்னால் யாரோ செருமினார்கள்.

இருமல் இல்லை, செருமல். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே கூப்பிடக் கூச்சப்பட்டு, நான் இங்கே நிற்கிறேன் என்று தெரிவிப்பதற்காக மட்டும் தொண்டையை மெல்லத் தேய்க்கும் அந்த மரியாதையான சத்தம். பாதி போன காதுக்கு அது கேட்டிருக்கவே கூடாது. ஆனால் கேட்டது, காதுக்குள்ளேயே நின்று செருமியது போல.

அவர் திரும்பினார். கூடம் நீளமாக, காலியாக இருந்தது. லாந்தர்கள். குழாய்கள். தூசு.

மறுபடி பலகையைப் பார்த்தார். 117 'உள்ளே' இருந்தது. ஆடிக்கொண்டிருந்தது.

கூடம் முழுக்க ஒரு வாசனை. அரைநூற்றாண்டாக நூலோடு வாழ்ந்தவர், அந்த வாசனையைத் தெரியாமல் இருப்பாரா? பேல் பொதியைப் பிரித்துக் கொட்டிய பச்சைப் பஞ்சு. விதை எண்ணெயும் மண்ணும் கலந்த, நெஞ்சை அடைக்கும் கனத்த வாசனை. அந்தக் கூடத்துக்குள் ஒன்பது வருடமாக ஒரு பிடி பஞ்சுகூட வந்ததில்லை.

அவர் டோக்கனை 'வெளியே' பக்கம் மாட்டிவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள். எழுபது பாக்குவெட்டி விற்றவன் பேச்சை யார் நம்புவார்கள்?

புதன்கிழமை மாலை, முத்தாத்தாள் கூட்டுவதற்காகத் திறந்து வைத்திருந்த கூடத்துக்குள் அவர் போனபோது 117 எங்கும் இல்லை. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. சாமான்களுக்கு அடியில் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தார். கிடைக்கவில்லை. ஒரு டோக்கன் குறைந்தால் பலகைக்கு மதிப்பில்லையே என்று வருத்தப்பட வேண்டியவர், அப்பாடா என்று மூச்சு விட்டார். அந்த நிம்மதிதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

அன்று இரவே டைம் கீப்பர் சாமுவேலுக்குப் போன் செய்தார். 117 என்று சொன்னதும் மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "போன்ல பேசற சமாச்சாரமில்லீங்க. நாளைக்கு நேர்ல வாங்க" என்றது ஒரு கிழக்குரல்.

நாளைக்கு ஆயுத பூஜை.

*

சாமுவேலுக்கு எண்பது வயது. இருகூரில் மகள் வீட்டில் இருந்தார். மாசாணம் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. தெருவில் ஆட்டோக்களும் டெம்போக்களும் வாழைக்கன்றும் மாலையும் கட்டி, நெற்றியில் சந்தனம் வழிய, கல்யாண மாப்பிள்ளைகள் போல் நின்றன. சாமுவேல் செல்போனில் இருந்த போட்டோவைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கம்பியை ஆரு அறுத்தது?"

"நாந்தானுங்க ஐயா. போட்டோவுக்கு அழகா இருக்கோணும்னு..."

"அழகு." கிழவர் அந்தச் சொல்லை வாயில் போட்டுக் கசந்தது போல் விழுங்கினார். "நாப்பது வருசமாச்சுங்க தம்பி. இதே ஆயுத பூசை. அன்னிக்கு மூணரைக்கே மில்லு மூடிருவாங்க. அடுத்த ஷிப்டு கெடையாது. பொரிப் பொட்டலம் வாங்கிட்டு அத்தனை சனமும் பஸ்சுக்கு ஓடும். ஓடற அவசரத்துல பொம்பளைங்க நாலஞ்சு பேரு டோக்கனை மாத்தி மாட்ட மறந்துருவாங்க. நானே எடுத்து மாட்டிருவேன். பாவம், அரைநாள் கூலி போயிருமேன்னு. ஒவ்வொரு நோம்பிக்கும் செய்யறதுதான்."

"சரிங்க."

"அன்னிக்கு 117 உள்ள இருந்துச்சு. எடுத்து வெளிய மாட்டிப்போட்டுப் பூட்டிட்டேன்."

உள்ளறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சாமுவேல் எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"117-காரி பிரசவத்துக்குப் போயிருந்தா. அவளுக்குப் பதிலியா ஒரு சின்னப் புள்ளை வந்திருந்துச்சு. மாராத்தாள்னு பேரு. வேலைக்குச் சேந்து மூணாம் நாளு. பஞ்சு கொட்டி வெக்கற ரூம்புல போட்டிருந்தாங்க. மில்லுல ஒரு சட்டமுங்க தம்பி: அடுத்த ஆளு வந்து நின்னாத்தான் இந்த ஆளு நகரோணும். அதுக்கு அதைச் சொல்லிக் குடுத்திருந்தாங்க. நோம்பிக்கு அடுத்த ஷிப்டே கெடையாதுன்னு ஒருத்தரும் சொல்லலை. சொல்லாமப் போறது மரியாதை இல்லைன்னு அது பாட்டுக்கு நின்னுட்டிருந்திருக்குது. ஆரும் வரலை. கூரை ஒசரத்துக்குக் குமிச்சு வெச்ச பஞ்சு..." அவர் உள்ளங்கையை மெதுவாகக் கவிழ்த்தார். "சத்தமே கேக்காதுங்க. பஞ்சுதானே."

மாசாணம் செல்போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"அதோட அப்பன் வந்து அழுதாரு. பலகையைக் காட்டினேன். டோக்கன் வெளிய இருக்குதுங்க, ஆளு வெளிய போயாச்சுன்னு. ஆருகூடயோ ஓடிப்போயிட்டான்னு பேசினாங்க. அதனால ஒருத்தரும் தேடலை. லீவு முடிஞ்சு அஞ்சாம் நாளு பஞ்சை அள்ளறப்போ..." நிறுத்தினார். "வாயில நாங்க எடுக்க எடுக்க வந்துட்டே இருந்துச்சுங்க. அன்னிக்கு நான் டோக்கனை மறுபடி உள்ள மாட்டி, கம்பியில முறுக்கிப் போட்டேன். உள்ளதானே இருக்குது அது. எழுத்துலயாச்சும் உண்மை இருக்கட்டும்னு."

"இப்ப அந்த டோக்கனே காணமுங்க ஐயா."

சாமுவேல் நிமிர்ந்தார். "காணமா? நல்லாப் பாத்தீங்களா? ஆரு கையில இருக்குதோ அவங்கதான் அடுத்த ஆளுங்க தம்பி. ஊட்டுல வேற ஆரு இருக்கறாங்க?"

மணி மூன்று ஐந்து. மாசாணம் செல்போனில் மனைவியின் எண்ணை அழுத்தினார்.

"சொல்லுங்க," என்றாள் முத்தாத்தாள். பின்னணியில் கற்பூரத் தட்டு வைக்கும் சத்தம். "ராவு காலம் முடிஞ்சுது. பூசைக்கு எல்லாம் எடுத்து வெச்சாச்சு. உங்க கட்டிங் பிளேயருக்குக்கூடப் பொட்டு வெச்சுப்போட்டேன். எப்ப வாரீங்க?"

"முத்தாத்தா, ஒரு பித்தளை டோக்கன்... பலகையில இருந்தது..."

"அதுங்களா? நேத்துக் கூட்டறப்போ கீழ கெடந்துச்சுங்க. ஓட்டை வாகா இருக்குதேன்னு கூடத்துச் சாவியில கோத்துப்போட்டேன். புளி போட்டுத் தேச்சதுல தங்கமாட்ட மின்னுது."

"அதைக் கீழ போடு. இப்பவே போடு. கூடத்துக்குப் போகாத. கேக்குதா? ரோட்டுக்கு வந்து நில்லு..."

"இருங்க, இருங்க. கேட்டுல ஆரோ நிக்கறாங்க."

"போகாதே!"

செல்போனை அவள் எங்கோ வைத்தாள். தூரத்தில் அவள் குரல்: "ஆருங்க அம்மணி? வாங்க, வாங்க." பதில் கேட்கவில்லை. ஒரு செருமல் மட்டும் கேட்டது. மாசாணம் அதை அடையாளம் கண்டுகொண்டார்.

முத்தாத்தாள் திரும்பி வந்தாள்.

"பாவமுங்க, சின்னப் புள்ளை. மில்லுல இருந்து வருதாமா. தலையெல்லாம் பஞ்சு. 'நீங்கதானுங்களா வந்திருக்கீங்க'ன்னு கேக்குதுங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஆமா கண்ணு, நாந்தான், உள்ள வான்னு சொன்னனுங்க. நோம்பி நாளும் அதுவுமா ஊடு தேடி வந்த புள்ளைகிட்ட வேற என்னுங்க சொல்றது?"

அதற்கப்புறம் அவள் ஏதோ சொன்னாள். வார்த்தை விளங்கவில்லை. வாய்க்கும் செல்போனுக்கும் நடுவே யாரோ ஒரு தலையணையை மெதுவாக, மிக மெதுவாக வைத்து அழுத்தியது போல் அந்தக் குரல் மழுங்கி, மழுங்கி, நின்றது.

சாமுவேல் அவர் கையைப் பிடித்தார். எண்பது வயதுப் பிடி, இரும்புப் பிடி. "தம்பி, ஒண்ணே ஒண்ணு. ஆளைக் கண்ணுல பாக்காம டோக்கன்ல கை வெக்காதீங்க. நான் பண்ணின தப்பு அதுதான். முதல்ல ஆளு. அப்பறந்தான் டோக்கன்."

*

இருகூரிலிருந்து சோமனூருக்கு அவர் ஸ்கூட்டர் போன வேகத்தில் விமானம் போயிருந்தால் இறக்கை கழன்றிருக்கும். நீலாம்பூர். ரோடெல்லாம் உடைத்த பூசணிக்காய், குங்குமம் கலந்த சதை, சக்கரம் வழுக்கியது. கருமத்தம்பட்டி. மாலை போட்ட லாரி ஒன்று ஹாரன் அடித்தது. மனைவியின் எண்ணுக்கு நான்கு முறை அடித்துப் பார்த்தார். மணி போனது. எடுக்கவில்லை.

சோமனூருக்குள் நுழைந்தபோது அவருக்குக் காது முழுசாகப் போய்விட்டது என்று நினைத்தார். பிறகுதான் விளங்கியது. தறிகள் நின்றிருந்தன. பூஜைக்காக அத்தனை வீட்டிலும், அத்தனை கூடத்திலும். வருடத்தில் ஒரே ஒரு நாள் வரும் அந்த அமைதி, ஊர் மேல் கனமாக இறங்கியிருந்தது.

மூன்று இருபத்தொன்பது.

கேட் திறந்து கிடந்தது. முற்றத்தில் வாழை இலையில் பொரியும் கடலையும். சந்தனப் பொட்டு வைத்த கட்டிங் பிளேயர். சுற்றாத பூசணிக்காய். பாதி எரிந்த ஊதுபத்தி. முத்தாத்தாள் இல்லை.

"முத்தாத்தா!"

கூடத்துக் கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினார். பாதி திறந்து, அதற்கு மேல் போகவில்லை. கதவு எதிலோ இடித்தது. மெத்தென்ற எதிலோ.

பஞ்சு.

தரையிலிருந்து ஓடு வரை. சுவருக்குச் சுவர். லாந்தர் இல்லை, கிராமபோன் இல்லை, கூடமே இல்லை. வெள்ளையாக, சுவர் போல, ஒரு சத்தமுமில்லாமல் நின்றது. அந்த வாசனை அவர் மூக்கில் ஏறி நெஞ்சில் உட்கார்ந்தது. கதவோரச் சுவரில் பலகை மட்டும் பஞ்சில் புதையாமல் தெரிந்தது. 'உள்ளே' பக்கத்தில் ஒரே டோக்கன். சாவிக்கொத்தோடு. புளி போட்டுத் தேய்த்த தங்க மினுமினுப்பு. 117.

ஆடிக்கொண்டிருந்தது.

எங்கிருந்தோ சங்கு ஊதியது. மில் சங்கு. சோமனூரில் சங்கு ஊதும் மில்லே இல்லை. அது நீளமாக எழுந்து, நின்று, இறங்கியது.

பஞ்சுக்குள்ளிருந்து யாரோ இருமினார்கள். அவருக்குத் தெரிந்த இருமல். முப்பது வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல்.

இரண்டு கையாலும் பஞ்சை அள்ளினார். அள்ளிய இடம் நிரம்பியது. தோள் வரை கையை விட்டுத் துழாவினார். சூடு. ஈரம். ஒன்றும் இல்லை. அள்ளினார். நிரம்பியது. இருமல் தூரமாகப் போனது. அள்ளினார். வாய்க்குள் இழை. துப்பினார். இருமல் இன்னும் தூரம்.

சாமுவேல் என்னவோ சொன்னார். என்ன சொன்னார்? எதை முதலில்? எதை அப்புறம்?

கண் முன்னால் டோக்கன் மின்னியது. 'உள்ளே'. உள்ளே என்று இருப்பதால்தானே உள்ளே இருக்கிறாள். வெளியே மாட்டினால்...

வெடுக்கென்று பிடுங்கினார். 'வெளியே' பக்கம் மாட்டினார்.

கூடம் காலி.

லாந்தர்கள். குழாய்கள். சோடா மிஷின். தூணில் வெயில். தரை இப்போதுதான் கூட்டியது போல் சுத்தம். ஒரு இழை பஞ்சு இல்லை. கதவு சுவர் வரை போய் மோதி நின்றது.

"முத்தாத்தா?"

கூடத்தின் கோடி வரை ஓடினார். ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும். வீட்டுக்குள். சமையல்கட்டு. குளியலறை. மாடிப்படி. மறுபடி முற்றம்.

எதிர்வீட்டுப் பழனியாத்தாள் கேட்டுக்கு வெளியே நின்று, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து ரோட்டுக் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கண்ணா, நோம்பி நாள்ல அக்கா எங்கீங்க கெளம்பிட்டாங்க? இப்பத்தான் முக்காடு போட்டுட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனாங்க. கூப்பிட்டேன், திரும்பலை. 'நேரமாச்சுங்க, நான் வாரனுங்க'ன்னாங்க. எங்கிட்ட என்னிக்கும் இல்லாம வாங்க போங்கன்னு என்னத்துக்கு இத்தனை மரியாதை?" அவள் சிரித்தாள். "ஏனுங்கண்ணா? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்குது? சண்டையா? சாயங்காலம் வந்துருவாங்க, போங்க. நான் என் ரெண்டு கண்ணால பாத்தனே, அக்கா வெளிய போனதை."

ரோட்டுக் கோடியில் ஒரு பஸ் நின்றது, புறப்பட்டது. நின்ற இடத்தில் யாரும் இல்லை.

அவர் திரும்பி வந்தார். கால் தானாக நடந்தது. பலகை முன் நின்றார். நூற்று அறுபதும் 'வெளியே' பக்கம், ஒரு பிசகு இல்லாமல் தொங்கின. போட்டோவுக்கு அழகாக இருந்தது. அவர் 117-ஐ எடுத்து 'உள்ளே' மாட்டினார். எடுத்தார். மறுபடி மாட்டினார். பத்து முறை, இருபது முறை. ஒன்றும் ஆகவில்லை. அது வெறும் பித்தளை. ஆடக்கூட இல்லை.

இருபத்தோராம் முறை கொக்கி கையோடு கழன்று வந்தது.

தேக்கில் ஒரு ஓட்டை. பென்சில் முனை அளவு. அதன் வாயில் வெள்ளையாக ஏதோ துருத்தியது.

அவர் அதை இரண்டு விரலால் பற்றினார். ஈரம். எச்சில் போல் வெதுவெதுப்பு. மெல்ல இழுத்தார். பஞ்சு வந்தது. வர வரத் தானாக முறுக்கேறி மெல்லிய நூலாகியது. ஒரு முழம். இரண்டு முழம். நூலைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. இத்தனை சன்னமான நூல், கொஞ்சம் அழுத்தி இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் உள்ளே போன முனையை எந்த விரலாலும் எடுக்க முடியாது.

நூல் நின்றது.

பிறகு மறுமுனையில் யாரோ அதைப் பிடித்து, லேசாக, ஒரு முறை இழுத்தார்கள்.

அவர் அசையவில்லை. மூச்சு விடவில்லை. தளர்த்தவும் முடியாமல், இழுக்கவும் முடியாமல், இரண்டு விரலுக்கு நடுவே அந்த ஈர நூலைப் பிடித்தபடி நின்றார். வெளியே பழனியாத்தாள் யாரிடமோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. தூணில் நின்ற வெயில் மெதுவாகக் கீழே இறங்கியது.

மறுபடி ஒரு இழுப்பு. முன்னதைவிட மெல்ல.

அடுத்தது வர நெடுநேரம் ஆயிற்று.